கப்பலுக்கு பிரேக் உண்டா? நடுக்கடலில் எப்படி நிறுத்துகிறார்கள்?

மேலூர்க்காரன் – 11 மே 2025

முந்தாநாள் மாசி வீதியில் தேர் பார்க்கப் போயிருந்தோம். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டு அவ்வளவு பெரிய தேரை நிறுத்தித் திருப்புகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூட வந்த மச்சான் தூத்துக்குடியில் வேலை பார்க்கிறவன். "கப்பலுக்கு நங்கூரம்தான் முட்டுக்கட்டை, போட்டால் நின்றுவிடும்" என்கிறான். அப்படியென்றால் மீனவர் படகில் மோதிவிட்டு "நிறுத்த முடியவில்லை" என்று கப்பல்காரர்கள் சொல்வது பொய்தானே? நிறுத்த முடியாமல் இல்லை, நிறுத்த மனசில்லை. இதுதான் என் கட்சி. விஷயம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

பழைய செகண்ட் – 11 மே, இரவு

நான் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்தவன். மச்சான் கப்பலைக் கரையில் கட்டிக் கிடக்கும்போது பார்த்தவர் போலிருக்கிறது. நங்கூரம் நின்ற கப்பலை நகராமல் வைத்திருக்கத்தான். ஓடுகிற கப்பலை நிறுத்த இல்லை.

முதலில், எட்டாது. பெரிய கப்பலில் ஒரு பக்கத்துச் சங்கிலி மொத்தமே முந்நூற்றைம்பது மீட்டர் சொச்சம். வங்கக் கடல் நடுவில் ஆழம் மூவாயிரம் மீட்டர். எட்டுகிற ஆழத்திலும் வேகமாகப் போகும்போது போட்டால் சங்கிலி பிய்த்துக்கொண்டு ஓடும். அதைப் பிடிக்க இருப்பது விண்ட்லாஸ் (சங்கிலியை ஏற்றி இறக்கும் பொறி) பிரேக், ஒரு இரும்புப் பட்டையும் உட்புறத்து லைனிங்கும்தான். லைனிங் புகையும், துரு புழுதியாகப் பறக்கும், தீப்பொறி தெறிக்கும். கடைசிக் கண்ணி வரை ஓடி அறுத்துக்கொண்டு போனால் நங்கூரமும் போச்சு, சங்கிலியும் போச்சு. அந்த நேரத்தில் அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) நிற்கிறவர் பிரேக்கை விட்டுவிட்டு ஓடத்தான் வேண்டும்.

நங்கூரம் போடுகிற இடத்துக்குக் கப்பல் வந்து சேரும்போது வேகம் ஏறக்குறைய பூஜ்யம் ஆகியிருக்க வேண்டும். அப்புறம் போட்டுவிட்டு, மெல்லப் பின்னால் போய் சங்கிலியைக் கடலடியில் நீளமாகக் கிடத்துவார்கள். கப்பலைப் பிடித்து வைப்பதில் பாதி வேலை அப்படிக் கிடக்கிற சங்கிலியின் கனம்தான்.

எதனால் நிற்கிறது என்பதை நாளைக்கு எழுதுகிறேன். விடியற்காலை ஆற்றுக்குப் போகணும், அழகர் வருகிறார்.

பழைய செகண்ட் – 12 மே

காலையில் கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது டூ ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின். மூன்று மாடி உயரம் இருக்கும். நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சுற்றுதான். கிராங்க் ஷாஃப்டிலிருந்து நேராகப் புரொப்பல்லருக்குப் போகிறது. நடுவில் கிளட்ச் கிடையாது, கியர் பெட்டி கிடையாது. புரொப்பல்லர் பின்னோக்கிச் சுற்ற வேண்டுமானால் இன்ஜினே பின்னோக்கிச் சுற்ற வேண்டும். அதற்கு இன்ஜினை முதலில் நிறுத்தணும், எரிபொருள் விழுகிற நேரத்தைத் தலைகீழாக மாற்றணும், அப்புறம் 30 பார் அழுத்தத்தில் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிற காற்றை சிலிண்டருக்குள் விட்டு எதிர்த்திசையில் உதைத்துக் கிளப்பணும்.

கேட்க எளிது. ஆனால் டீசலை அடைத்துவிட்டால் மட்டும் இன்ஜின் நிற்காது. கப்பல் போகிற போக்கில் தண்ணீரே புரொப்பல்லரைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றும், ஷாஃப்ட் இன்ஜினைச் சுற்றும். அத்தனை டன் இரும்பு ஒரு திசையில் சுற்றும்போது எதிர்த்திசையில் காற்றை விட்டால் காற்றுதான் வீணாகும். சுற்று ஓரளவு இறங்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இறங்கிய பிறகு எதிர்க்காற்றையே பிரேக்காகக் கொடுத்து மிச்சத்தை அடக்கலாம்.

காற்றும் அளவோடுதான் இருக்கிறது. இப்படி இரு திசையிலும் ஓடும் இன்ஜினுக்கு, பாட்டிலை மறுபடி நிரப்பாமல் 12 தடவை கிளப்பப் போதுமான காற்று இருக்க வேண்டும் என்பது விதி. பதற்றத்தில் நாலைந்து தடவை தப்பும் தவறுமாக முயன்றால் பாதி பாட்டில் காலி.

ஒரு புதுக் கப்பலின் சோதனை ஓட்டத்தில் கன்ட்ரோல் ரூமில் நின்றிருக்கிறேன். முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. டெலிகிராஃப் (மேலிருந்து இன்ஜினுக்கு உத்தரவு வரும் கருவி) மணி அடித்து முள் "ஃபுல் ஆஸ்டர்ன்" (முழு வேகத்தில் பின்னோக்கி) பக்கம் விழுந்தது. லீவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுற்று மளமளவென்று நாற்பதுக்கு இறங்கியது. அப்புறம் அங்கேயே தொங்கிக்கொண்டு நின்றது. முப்பத்தெட்டு, முப்பத்தேழு. டீசல் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, இன்ஜின் பாட்டுக்குச் சுற்றுகிறது. யாரும் பேசவில்லை. சீஃப் இன்ஜினியர் மட்டும் ஏர் பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் காற்று உள்ளே போகிற அந்த உஸ்ஸென்ற பெரிய சத்தம், அதன் பின்னாலேயே முதல் வெடி. கப்பல் முழுக்க ஒரு நடுக்கம். தரைத்தகடுகள் கடகடக்க, மேசையில் இருந்த டீ கப் விளிம்பை நோக்கி ஊர்ந்து போனது. மேலே புகைபோக்கியில் கரும்புகை தள்ளியதாம், டெக்கில் நின்றவர்கள் சொன்னார்கள்.

இதுதான் மேலூர் தம்பி தேடுகிற பிரேக்.

பழைய செகண்ட் – 13 மே

"சரி, எவ்வளவு தூரத்தில்தான் நிற்கும்" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஐ.எம்.ஓ. (சர்வதேச கடல்சார் அமைப்பு) 2002-இல் ஏற்றுக்கொண்ட தரத்தில், முழு வேகத்தில் போகும் கப்பலுக்கு முழு ஆஸ்டர்ன் கொடுத்தால் அது நிற்கும் வரை ஓடும் பாதை கப்பல் நீளத்தைப் போல் 15 மடங்கைத் தாண்டக் கூடாது. மிகப் பெரிய கப்பல்களுக்கு இதைத் தளர்த்தலாம், ஆனாலும் 20 மடங்குக்கு மேல் போகக் கூடாது. மூன்று லட்சம் டன் கச்சா எண்ணெய் ஏற்றும் டேங்கர் ஒன்று 330 மீட்டர் நீளம். பதினைந்தால் பெருக்கினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். இருபதால் பெருக்கினால் 6.6. அதன் வேகம் என்னவோ 15 நாட், மணிக்கு 28 கிலோமீட்டர்தான்.

பின்னோக்கி இழுக்காமல் இன்ஜினை மட்டும் நிறுத்தினால் இன்னும் மோசம். தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. வேகம் பாதியானால் தடை காலாகிவிடும். அதனால் முதல் ஐந்து நாட் சட்டென்று குறையும், கடைசி ஐந்து நாட் குறையவே குறையாது. சரக்கோடு இருக்கிற டேங்கர் அரைமணி நேரத்துக்கு மேலும் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

பழைய செகண்ட் – 15 மே

முந்தாநாள் கொடுத்த கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போய் விவாதத்தில் அடிக்காதீர்கள். அது ஆழமான கடல், அமைதியான காற்று, சுத்தமான அடிப்பாகம், எல்லோரும் தயாராகக் காத்திருக்கிற சோதனை நாள் ஆகியவற்றின் கணக்கு. சரக்குக் கப்பல்களைப் பெரும்பாலும் சரக்கில்லாமல்தான் சோதிக்கிறார்கள். முழுச் சரக்கில் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டு எடுத்து, பிரிட்ஜ் (கப்பலை ஓட்டும் மேல்தள அறை) சுவரில் ஒரு தாளாக ஒட்டி வைத்திருப்பார்கள். பைலட் (துறைமுகத்துக்குள் வழிகாட்ட ஏறுகிறவர்) ஏறினதும் அதைப் பார்ப்பார்.

இன்னொன்று, நேர்கோட்டில் நிற்காது. வலப்பக்கமாகச் சுற்றும் ஒற்றைப் புரொப்பல்லர் கப்பலில் ஆஸ்டர்ன் கொடுத்தால் அமரம் (பின்முனை) இடப்பக்கம் இழுக்கும், அணியம் வலப்பக்கம் திரும்பும். புரொப்பல்லர் தள்ளுகிற தண்ணீர் சுக்கான் மேல் படாததால் சுக்கானும் பேச்சைக் கேட்காது. கடைசியில் கப்பல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பது காற்றின் கையில், கடலோட்டத்தின் கையில்.

அதனால்தான் நடுக்கடலில் எதிரே ஏதாவது வந்தால் முதல் யோசனை நிறுத்துவது இல்லை, திருப்புவது. அதே ஐ.எம்.ஓ. தரத்தில் சுக்கானை முழுக்கத் திருப்பினால் கப்பல் முன்னோக்கிப் போகும் தூரம் நாலரை நீளத்துக்குள் இருக்க வேண்டும். 330 மீட்டர் கப்பலுக்கு ஒன்றரை கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் எங்கே, ஒன்றரை எங்கே. திரும்பும்போதே தண்ணீரில் கப்பல் குறுக்காக வழுக்குவதால் வேகமும் பாதிக்குப் பக்கமாக விழுந்துவிடும். இடமிருந்தால் சுக்கானை மாறி மாறி இடமும் வலமும் திருப்பியே வேகத்தைக் கரைக்கலாம், இன்ஜினையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு.

பழைய செகண்ட் – 15 மே, பின்னிரவு

உசிலம்பட்டி அண்ணன் ஒருவர், "நடுக்கடல்ல தண்ணிக்குள்ள பாராசூட் விட்டா நிக்காதா" என்று கேட்டிருக்கிறார். சிரிக்க வேண்டாம். சின்னப் படகுகளில் புயல் நேரத்தில் கடல் நங்கூரம் என்று துணிக்கூம்பு விடுவது உண்டு. மூன்று லட்சம் டன்னுக்குக் கூம்பு தைக்க நம்ம ஊரு டெய்லர்கள் பத்தாது அண்ணே.

பழைய செகண்ட் – 18 மே

தொண்டிப் பக்கத்து நண்பர் எழுதியதைப் படித்தீர்களா? "எங்கள் விசைப்படகை நாலு படகு நீளத்தில் நிறுத்துவோம். கப்பல் வருவது எங்களுக்கு அரைமணி முன்னாலேயே தெரிகிறது. நாங்கள் வலையோடு கிடக்கிறோம். அவன்தான் ஒதுங்கணும்." சட்டப்படி அவர் சொல்வதுதான் சரி. வலைவிட்டு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு இன்ஜின் கப்பல் வழிவிட வேண்டும் என்பது சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 18-ஆவது விதி.

ஆனால் கப்பலின் பிரிட்ஜில் நின்று பாருங்கள். பிரிட்ஜ் அமரத்துப் பக்கம் இருக்கிறது, முன்னால் கன்டெய்னர் அடுக்கு. அணியத்துக்கு நேர் முன்னால் இருக்கிற கடல் அங்கிருந்து தெரியாது. இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதற்கு மேல் மறையக் கூடாது என்று சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதி. அதாவது 500 மீட்டர் வரை மறைவதற்கு அனுமதி உண்டு. அந்த இடத்துக்குள் ஒரு நாட்டுப்படகு வந்துவிட்டால் பிரிட்ஜில் இருப்பவருக்கு அது இல்லவே இல்லை. ரேடார் கண்டுபிடிக்கும் என்பீர்கள். மரத்திலும் ஃபைபரிலும் செய்த படகு ரேடாரில் சரியாக விழாது. அலை கொஞ்சம் எழும்பினால் திரையில் அலையின் புள்ளி எது, படகின் புள்ளி எது என்று பிரிக்கவும் கஷ்டம்.

அதனால் தொண்டி நண்பருக்கு: கப்பலின் அணியத்துக்குக் குறுக்கே கிட்டத்தில் தாண்டவே தாண்டாதீர்கள். அது ஒதுங்கும் என்று கடைசி நிமிடம் வரை காத்திருக்கவும் வேண்டாம். ரேடார் ரிஃப்ளெக்டர் ஒன்றைக் கம்பத்தில் கட்டுங்கள், ராத்திரி விளக்கை அணைக்காதீர்கள். வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சானல் 16-இல் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு யோசித்தால், மேலூர் தம்பியின் கட்சியிலும் கால்வாசி நியாயம் இருக்கிறது.

15 நாட்டில் போகிற கப்பல் பத்து நிமிடத்தில் நாலரை கிலோமீட்டர் போகும். ஆக, மோதிய நிமிடத்தில் "நிறுத்த முடியவில்லை" என்பது சத்தியமான வார்த்தை. ஆனால் யாரும் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லையே? பத்து நிமிடத்துக்கு முன்னால் கண்ணாடி வழியே யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கேள்வி. கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனிக்க வேண்டும் என்று 5-ஆவது விதியே இருக்கிறது. நிறுத்த முடியாத வண்டியை ஓட்டுகிறவன் மற்றவர்களைவிட அதிகமாகப் பார்க்கணும்.

மனசில்லை என்பதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கேப்டனின் எழுத்து உத்தரவில் "இன்ஜின் உங்கள் கையில், தயங்காமல் பயன்படுத்துங்கள்" என்று இருக்கும். இருபத்தைந்து வயது மூன்றாம் அதிகாரி பயன்படுத்துவாரா? ராத்திரியில் இன்ஜின் ரூமில் ஆளே இருக்க மாட்டார்கள், நாங்களெல்லாம் தூங்கிக்கொண்டிருப்போம், அலாரம் அடித்தால்தான் எழுந்து ஓடுவோம். லீவரை இழுத்தால் அத்தனை பேரும் எழுந்து வந்து ஏன் என்று கேட்பார்கள். இழுக்காமல் சுக்கானை ஐந்து டிகிரி திருப்பிப் பார்ப்போம் என்றுதான் தோன்றும். அடுத்த நாள் காலை டிபன் மேசையில் "எதுக்குய்யா வேகத்தைக் குறைச்சே" என்று ஒரு சீனியர் கேட்டு, அந்தப் பையன் முகம் சுருங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அவன் செய்தது சரிதான்.

பழைய செகண்ட் – 19 மே

கப்பல் ஊதலுக்கு என்ன அர்த்தம் என்று தனியாகக் கேட்டவருக்கு: மூன்று குறுகிய ஊதல் என்றால் "என் இன்ஜின் பின்னோக்கி ஓடுகிறது". ஐந்து அல்லது அதற்கு மேல் குறுகிய ஊதல் என்றால் "நீ என்ன செய்கிறாய் என்று புரியவில்லை". எங்கள் கேப்டன் ஒருவர் இரண்டாவதை மட்டுமே ஊதுவார்.

பழைய செகண்ட் – 27 மே

அமெரிக்காவில் கப்பல் மோதி விழுந்த பால்டிமோர் பாலத்தைப் பேச்சுக்குள் இழுத்துவிட்டீர்கள். சரி.

2024 மார்ச் 26, அதிகாலை ஒன்றரை மணி. டாலி என்ற 300 மீட்டர் கன்டெய்னர் கப்பல், மாலுமிகளில் பெரும்பாலானவர்கள் நம் நாட்டவர்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது மின்சாரம் போனது. மின்சாரம் போனால் இன்ஜினுக்கு எண்ணெயும் தண்ணீரும் அனுப்பும் பம்புகள் நிற்கும், அவை நின்றால் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக நின்றுவிடும். அவசர ஜெனரேட்டருக்கு விதி கொடுக்கிற நேரம் 45 நொடி. அது வந்தாலும் சுக்கானுக்கும் விளக்குக்கும்தான் உயிர் கொடுக்கும், மெயின் இன்ஜினுக்கு இல்லை. புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் இல்லாமல் சுக்கான் இருந்தும் பாதி செத்தது.

நங்கூரம் போட்டார்கள். ஆழம் குறைந்த இடம்தான், எட்டியது. ஆனாலும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் எடை. முதல் முறை விளக்கு அணைந்ததிலிருந்து தூணில் மோதும் வரை சுமார் நான்கு நிமிடம். பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். கப்பலிலிருந்து போன மேடே (ஆபத்து) அழைப்பால் போலீசார் பாலத்தின் இரு முனையிலும் வண்டிகளை மறித்தார்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

ஆஸ்டர்ன் கொடுத்திருக்கலாமே என்று எழுதியவருக்கு, எதை வைத்துக் கொடுப்பது? ஓடாத இன்ஜினுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பழைய செகண்ட் – 12 ஜூன்

இப்போது எல்லோரும் டி.வி.யில் பார்க்கிற வான் ஹை 503 என்ற கன்டெய்னர் கப்பல். ஜூன் 9 அன்று கேரளத்துக்கு அப்பால் தீப்பிடித்தது. ஊழியர்கள் விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். நாலு பேரைக் காணவில்லை. "இன்ஜின்தான் நின்றுவிட்டதே, கப்பல் அதே இடத்தில்தானே இருக்கும், ஏன் கயிறு கட்டி இழுக்கிறார்கள்" என்று கேட்கிறார்கள்.

இருக்காது. ஆழ்கடலில் இன்ஜின் நின்ற கப்பல் மிதந்து போய்க்கொண்டே இருக்கும். கன்டெய்னர் அடுக்கின் பக்கவாட்டுப் பரப்பு முழுக்கக் காற்றுக்குப் பாய். தென்மேற்குப் பருவக்காற்று இந்த மாதத்தில் கரையை நோக்கித்தான் அடிக்கும். விட்டால் எரிகிற கப்பல் கரைக்கு வந்துவிடும். அதனால்தான் ஹெலிகாப்டரில் ஆளை இறக்கியாவது இழுவைக் கயிறு மாட்டி வெளியே இழுக்கிறார்கள்.

பழைய செகண்ட் – 22 ஜூன்

விபத்து பேசியே இழை நீண்டுவிட்டது. தினசரி எப்படி நிறுத்துகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

பைலட் ஏறும் இடத்துக்கு ஒரு மணி நேரம், சில கப்பல்களில் அதற்கும் முன்னால், பிரிட்ஜிலிருந்து இன்ஜின் ரூமுக்குப் போன் வரும். நாங்கள் இன்னொரு ஜெனரேட்டரைக் கிளப்புவோம், இரண்டு ஏர் கம்பிரஸரையும் பார்ப்போம், பாட்டிலில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுவோம். சுற்றை ஒரேயடியாக இறக்க மாட்டார்கள். சூட்டில் விரிந்திருக்கிற லைனரும் பிஸ்டனும் மெதுவாக ஆறணும், அதற்கென்றே ஒரு தானியங்கி நிரல் நிமிடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரும். பைலட் ஏணியில் ஏறும்போது ஆறு, ஏழு நாட். உள்ளே வந்தால் டக்குகள் (இழுவைப் படகுகள்) கட்டிக்கொள்ளும். கடைசி நூறு மீட்டரைப் பெரும்பாலும் டக்குதான் பிடிக்கிறது. இது நன்றாக நடந்தால் கப்பல் நின்றதே உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது.

வேறு வகைக் கப்பல்களும் உண்டு. ஃபெரி, போர்க்கப்பல் சிலவற்றில் புரொப்பல்லர் இதழ்களின் சாய்வையே மாற்றலாம், இன்ஜின் அதே திசையில் ஓடும். பயணிகள் கப்பல்கள் சிலவற்றில் புரொப்பல்லரும் அதைச் சுற்றும் மோட்டாரும் சேர்ந்தே திரும்பும். அவை எல்லாம் வேகமாக நிற்கும். நான் அவற்றில் வேலை பார்த்ததில்லை.

பழைய செகண்ட் – 3 ஜூலை

கப்பல் படிப்பு கேட்டு ஏகப்பட்ட செய்தி. மதுரையைச் சுற்றிக் கப்பல் கல்லூரிகள் உண்டு, கடல்தான் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். "சேர்ந்ததும் கப்பலில் வேலை" என்று லட்சக்கணக்கில் வாங்கும் தரகர்களை நம்பாதீர்கள். என் அக்கா மகன் அப்படி ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு இன்னும் அலைகிறான். ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் தளத்திலேயே பார்க்கலாம். மேற்கொண்டு கேட்பவர்கள் தனி இழை தொடங்குங்கள்.

பழைய செகண்ட் – 5 ஜூலை

விருதுநகர் அக்கா கேட்டது நல்ல கேள்வி: சுற்றிலும் தண்ணீர், அடையாளத்துக்கு ஒரு மரம்கூட இல்லை, கப்பல் நின்றுவிட்டது என்று எப்படித் தெரியும்?

டாப்ளர் லாக் (கப்பலின் வேகத்தை அளக்கும் கருவி) காட்டும், ஜி.பி.எஸ். காட்டும். பழைய கேப்டன்கள் பிரிட்ஜின் பக்கவாட்டு இறக்கைக்குப் போய்க் கீழே எட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்டர்ன் ஓடும்போது புரொப்பல்லர் கலக்குகிற நுரைத்தண்ணீர் அமரத்திலிருந்து முன்னோக்கி வரும். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது பின்னாலேயே தங்கிவிடும். அந்த நுரை கப்பலின் நடுப்பகுதி வரை ஏறி வந்துவிட்டால் தண்ணீரைப் பொறுத்தவரை கப்பல் நின்றுவிட்டது என்று அர்த்தம். உடனே "ஸ்டாப் இன்ஜின்" சொல்லணும், கொஞ்சம் அசந்தால் பின்னால் ஓட ஆரம்பித்துவிடும்.

அப்போது ஜி.பி.எஸ். பூஜ்யம் காட்டாமல் அரை நாட் காட்டலாம். அது தரையைப் பொறுத்த வேகம், கடலோட்டம் கப்பலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது. நங்கூரம் போட ஜி.பி.எஸ். கணக்கைப் பாருங்கள், டக் கட்ட நுரையைப் பாருங்கள்.